வடசென்னையில் வாடகை வீடு பிடிக்க ஒரு வழிகாட்டி

சென்னைக்குப் புதிதாக வேலைக்கு வந்து, மாதம் 20,000, 25,000 ரூபாய்ச் சம்பளத்தில் குடும்பம் நடத்த வேண்டியவருக்கு அண்ணா நகரும் வேளச்சேரியும் கட்டுப்படியாகாது. கூடுவாஞ்சேரி பக்கம் தள்ளிப் போனால் வாடகை குறையும், ஆனால் பாதி நாள் ரயிலிலேயே போய்விடும். வியாசர்பாடி, கொடுங்கையூர், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, புளியந்தோப்பு, பழைய வண்ணாரப்பேட்டை எல்லாம் சென்ட்ரலிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. அங்கே இன்னும் கையைக் கடிக்காத வாடகைக்கு வீடு கிடைக்கிறது. சினிமா பார்த்துவிட்டு “அந்த ஏரியாவா?” என்று தயங்குபவர்கள் உண்டு. அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் தண்ணீரையும் மழையையும் பற்றித்தான் புலம்புவார்கள். வீடு பார்க்கப் போகும்போது உங்கள் கவனமும் பெரும்பாலும் அந்த இரண்டின் மேல்தான் இருக்க வேண்டும்.

வேலை எங்கே, வீடு எங்கே

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை என்றால் வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர் ரயில் நிலையங்களுக்கு நடந்து போகிற தூரத்தில் பாருங்கள். அரக்கோணம் மார்க்கத்து மின்சார ரயிலில் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்கினால் எஸ்டேட். எண்ணூர் பக்கம் வேலை என்றால் கும்மிடிப்பூண்டி மார்க்கம். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் அதில் வரும். கிண்டி, விமான நிலையம் பக்கம் போகிறவர்களுக்கு 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ இருக்கிறது. அதனால் புது வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையங்களை ஒட்டிய தெருக்களில் வாடகை ஏறிவிட்டது. ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம் உள்ளே போனால் அதே அளவு வீடு ஆயிரம், இரண்டாயிரம் குறைவாகக் கிடைக்கும்.

கொருக்குப்பேட்டைப் பக்கம் வீடு பார்த்தால், வீட்டுக்கும் உங்கள் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவே ரயில்வே கேட் வருகிறதா என்று காலை எட்டரை மணிக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். கூட்ஸ் வண்டி வந்து கேட் போட்டுவிட்டால் ஆபீஸுக்கு லேட்தான்.

வாடகை தெருவுக்குத் தெரு மாறும். ஏறக்குறைய, ஒரு ரூமும் கிச்சனும் கொண்ட போர்ஷன் 5,000 முதல் 8,000 வரை. தனி பாத்ரூமோடு சிங்கிள் பெட்ரூம் 8,000 முதல் 13,000 வரை. பெரம்பூருக்குள் போனால் இதற்கு மேல்தான்.

கொடுங்கையூரில் புது அபார்ட்மெண்ட்கள் நிறைய வந்திருக்கின்றன, பார்க்கவும் நன்றாக இருக்கும். குப்பைக் கிடங்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். கிடங்கு ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் வாடை மேற்கே, குடியிருப்புகள் பக்கம் வரும். காலையில் போய்ப் பார்த்தவருக்கு மூக்கில் ஒன்றும் படாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்னொருமுறை போனால் உண்மை தெரிந்துவிடும்.

மழை பெய்தால் என்ன ஆகும்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். ஓனரிடம் கேட்க வேண்டாம், “இந்தத் தெருவுல நிக்கவே நிக்காது” என்றுதான் சொல்வார். எதிர் வீட்டுக்காரரிடம், முனையில் இஸ்திரி போடுகிறவரிடம், மாவுக் கடையில் கேளுங்கள். “அண்ணே, போன வெள்ளத்துல எதுவரைக்கும் வந்துச்சு?” என்றால் முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவார்கள்.

ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர் கால்வாய், பக்கிங்ஹாம் கால்வாய் ஆகியவற்றை ஒட்டிய தெருக்களில் தரைத்தள வீடு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. புளியந்தோப்பு, பட்டாளம் பகுதிகளும் தண்ணீர் தேங்குவதற்குப் பேர் போனவை. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை கனமழைக்கு நிரம்பிவிடும். வீடு மேட்டில் இருந்தாலும் அந்த நாட்களில் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

பார்க்க வேண்டிய முக்கியமான இடம் வாசற்படி. சென்னையில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் பல பழைய வீடுகள் ரோட்டை விடக் கீழே போய்விட்டன. ரோட்டிலிருந்து வீட்டுக்குள் படி இறங்கிப் போகிற மாதிரி இருந்தால் அந்த வீட்டைப் பற்றி மேற்கொண்டு பேசவே வேண்டாம். அங்கே மழைநீரை விடப் பெரிய தொல்லை சாக்கடை. தெரு மேன்ஹோல் நிரம்பினால் கழிவுநீர் பின்னோக்கித் தள்ளி, உங்கள் பாத்ரூம் ஓட்டை வழியாகவும் டாய்லெட் வழியாகவும் உள்ளே வரும். பக்கெட்டில் அள்ளிக் கொட்டினாலும் தீராது, வெளியே அடைப்பு எடுக்கும்வரை வந்துகொண்டே இருக்கும்.

சுவரில் அடையாளங்கள் தேடுங்கள். புதிதாக பெயிண்ட் அடித்திருந்தாலும் தரையிலிருந்து ஓரிரண்டு அடி உயரம் வரை பெயிண்ட் பொரிந்து, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்ந்தால் அது ஓதம். வீட்டு வாசலில் புதிதாகக் கட்டிய ஒரு அடித் தடுப்புச் சுவர், வழக்கத்தை விட உயரத்தில் மாட்டிய பிளக் பாயிண்ட், மேலே தூக்கி வைத்த மீட்டர் பாக்ஸ் எல்லாம் வெள்ளம் பார்த்த வீட்டின் அடையாளங்கள். முதல் மாடி கிடைத்தால் மாதம் ஐநூறு கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை.

தண்ணீர்: மூன்று கேள்வி, ஒரு மக்

“தண்ணி வசதி இருக்கு” என்று போர்டில் எழுதியிருப்பதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர்) இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, குழாயில் தானாக ஏறுகிறதா அல்லது வாசலில் அடி பம்பில் அடித்து எடுக்க வேண்டுமா? போர் எத்தனை வருடம் பழையது, கோடையில் நிற்கிறதா? மாடித் தொட்டிக்கு மோட்டார் யார் போடுவது, எத்தனை மணிக்கு? மூன்றாவது கேள்விதான் போர்ஷன் வீடுகளில் சண்டைக்கு மூலம். ஓனர் காலை ஆறு மணிக்கு ஒரே ஒருமுறை மோட்டார் போட்டால், நைட் ஷிப்ட் முடித்துப் பத்து மணிக்குக் குளிக்க வருகிறவருக்குத் தண்ணீர் இருக்காது.

போர் தண்ணீரைச் சோதிக்க வெள்ளை பிளாஸ்டிக் மக் போதும். பாத்ரூம் குழாயில் பிடித்து, அரை மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பிடித்தபோது தெளிவாக இருந்த தண்ணீர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறினால் இரும்புச் சத்து அதிகம். வெள்ளைச் சட்டை ஆறு மாதத்தில் காவி ஏறிவிடும். குழாய் நுனியிலும் டைல்ஸ் இடுக்கிலும் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் உப்பு. சோப்பு நுரைக்காது, ஹீட்டர் சீக்கிரம் போகும். கொஞ்சம் வாயில் வைத்துத் துப்பிப் பாருங்கள். கடலுக்குக் கிட்டே போகப் போகக் கரிப்பு கூடும். தண்டையார்பேட்டையில் 2013இல் எண்ணெய்க் குழாய்க் கசிவால் சில தெருக்களின் போர் தண்ணீரிலேயே எண்ணெய் வந்தது. ஆகவே அந்தப் பக்கம் முகர்ந்து பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

போர் தண்ணீர் குளிக்க, துணி துவைக்க மட்டும்தான் என்றால் குடிக்கவும் சமைக்கவும் கேன் வாங்க வேண்டும். நாலு பேர் குடும்பத்துக்கு 20 லிட்டர் கேன் இரண்டு நாளைக்கு மேல் வராது, மாதம் பதினைந்து கேன் ஆகும். கேன்காரர் மாடிக்குத் தூக்கி வருவாரா, அதற்குத் தனிக் காசா என்பதையும் கேட்டு வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கரண்ட் கணக்கு

தனி மீட்டரா, சப் மீட்டரா (ஓனரின் இணைப்பிலிருந்து பிரித்து உங்கள் போர்ஷனுக்கு அவர் வைத்த மீட்டர்)? வாடகைக்கு அடுத்து அதிகக் காசு போகிற இடம் இதுதான், பலரும் குடி வந்த பிறகே கவனிக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில். முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் அது இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. நாலு போர்ஷனுக்கு ஒரே இணைப்பு வைத்திருக்கும் ஓனருக்கு மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் 101ஆவது யூனிட்டிலிருந்தே விகிதம் கூடிவிடும். அதைச் சமாளிக்கவும், அதற்கு மேல் கொஞ்சம் பார்க்கவும் யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று சப் மீட்டரில் வாங்குவார்.

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரிக்கிற சிறிய குடும்பத்துக்குத் தனி இணைப்பில் பில் 250 ரூபாய்க்குள் முடியும். சப் மீட்டரில் 8 ரூபாய் வீதம் அதே 200 யூனிட்டுக்கு 1,600. அதாவது 7,000 ரூபாய் வாடகையும் சப் மீட்டரும் உள்ள வீட்டுக்கு மாதம் 7,800 ஆகிறது. 7,500 ரூபாய் வாடகையும் தனி மீட்டரும் உள்ள வீடு 7,625க்குள் முடிகிறது. வாடகை அதிகமாகத் தெரிகிற வீடுதான் இங்கே மலிவு. ‘மோட்டார் கரண்ட்’, ‘வாசல் லைட்’ என்று தனியாகப் பிரிப்பார்களா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை

மேலே சிமெண்ட் ஷீட் போட்ட மாடி ரூமை மதியம் இரண்டு மணிக்குப் பாருங்கள். மாலையில் காட்டினால் காற்றோட்டமாகத்தான் தெரியும், மே மாதத்தில் உள்ளே உட்கார முடியாது. வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் வெயிலுக்குக் குளுமை, ஆனால் தேக்கு உத்திரத்தில் கரையான் மண் ஓடியிருக்கிறதா, கூரையில் செங்கல் நனைந்த கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காமன் டாய்லெட் என்றால் எத்தனை குடும்பத்துக்கு ஒன்று என்று கேளுங்கள். மூன்றுக்கு மேல் போனால் காலை நேரம் கஷ்டம். கழுவுவது யார் முறை என்பதற்குப் பதில் தெளிவாக வராவிட்டால் யாரும் கழுவுவதில்லை என்று பொருள். வெளிக் கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், சாவி ஒன்று தருவார்களா என்பதை ஷிப்ட் வேலைக்காரர்கள் மறக்காமல் கேட்க வேண்டும். வண்டி நிறுத்த இடம், சிலிண்டர் ஏற்றும் வழி, பீரோ திரும்புமா திரும்பாதா என்று மாடிப்படியின் அகலம்: இவற்றை ஒரு பார்வை பார்த்தால் போதும்.

வாரியக் குடியிருப்பில், அதாவது பழைய குடிசை மாற்று வாரிய அடுக்குமாடிகளில், குறைந்த வாடகைக்கு வீடு சொல்வார்கள். ஒதுக்கீடு பெற்றவர் அதை வாடகைக்கு விட அனுமதி இல்லை. எழுதிக்கொடுக்கிற ஒப்பந்தத்துக்கு வலு இருக்காது, அட்வான்ஸ் மாட்டிக்கொண்டால் கேட்க வழியும் இருக்காது.

எப்படித் தேடுவது, எப்போது தேடுவது

இந்த ஏரியாக்களில் நல்ல போர்ஷன்கள் பெரும்பாலும் இணையத்துக்கு வருவதில்லை. கேட்டில் ‘டூ-லெட்’ அட்டை தொங்கும், அதுவும் இரண்டு நாளில் போய்விடும். மாதம் 20ஆம் தேதிக்கு மேல், ஞாயிறு காலையில் தெருத் தெருவாக நடங்கள். ஆவின் பூத், கேன் தண்ணீர்க் கடை, ஆட்டோ ஸ்டாண்டு, மளிகைக் கடை ஆகிய இடங்களில் “அக்கா, இங்க குடும்பத்துக்கு வீடு ஏதாச்சும் காலி இருக்கா?” என்று சொல்லி வைத்து நம்பர் கொடுத்துவிட்டு வாருங்கள். புரோக்கர் வழியாகப் போனால் ஒரு மாத வாடகை கமிஷன். வீடு முடிந்த பிறகுதான் தர வேண்டும், காட்டுவதற்கெல்லாம் பணம் இல்லை. இணையத்தில் படம் போட்டு, “நான் ராணுவத்தில் இருக்கிறேன், கேட் பாஸுக்கு 2,000 அனுப்புங்கள்” என்பவர்கள் மோசடிக்காரர்கள். வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலானவர்கள் குடிபோக மாட்டார்கள். ஆனியில் காலியான வீட்டுக்கு ஆள் வராவிட்டால் ஓனருக்கு ஆவணி வரை வருமானம் இல்லை. பேரம் பேச இதை விட நல்ல நேரம் கிடைக்காது. ஆனி முடிவதற்குள் நல்ல நாள் பார்த்துப் பால் மட்டும் காய்ச்சிவிட்டு, ஆடியில் சாமான் ஏற்றுகிறவர்கள் உண்டு. ஓனருக்கும் அது ஒப்புக்கொள்ளும். மே, ஜூனில் பள்ளி திறப்புக்காக எல்லோரும் ஒரே நேரத்தில் தேடுவார்கள், அப்போது பேரம் எடுபடாது.

போனில் முதல் கேள்வியே “ஃபேமிலியா, பேச்சிலரா?” என்பதுதான். அடுத்து “நீங்க என்ன ஆளுங்க?” என்று சாதியையும் மதத்தையும் கூசாமல் கேட்பவர்கள் வடசென்னையிலும் இருக்கிறார்கள். அது அநியாயம்தான், ஆனால் கதவடைக்கிற ஓனரோடு மல்லுக்கட்டி அலைச்சல்தான் மிஞ்சும். உங்கள் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் போனிலேயே சொல்லிவிட்டுப் போனால், வாசல் வரை போய்த் திரும்புகிற அவமானமாவது மிச்சம். கூட வேலை செய்கிறவர் சொல்லி அனுப்புகிற வீடுகளில் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழாது. பேச்சிலர்கள் தலைக்கணக்கை மறைக்கக் கூடாது. மூன்று பேர் என்று சொல்லி ஐந்து பேர் தங்கினால் காலி செய்யச் சொல்ல ஓனருக்கு அதுவே காரணமாகிவிடும்.

அட்வான்ஸ், ஒப்பந்தம்

சென்னையின் பழைய வழக்கம் பத்து மாத வாடகை அட்வான்ஸ். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த ‘வேறுவிதமாக’ என்கிற இடைவெளியில்தான் ஓனர்கள் ஐந்து, ஆறு என்று கேட்கிறார்கள். நீங்கள் மூன்றில் ஆரம்பியுங்கள். ஐந்துக்கு மேல் போனால் வாடகையில் குறைக்கச் சொல்லுங்கள்.

அட்வான்ஸைப் பணமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். பணமாகத்தான் வேண்டும் என்றால் ஒப்பந்தத்திலேயே தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். டோக்கன் அட்வான்ஸ் 1,000, 2,000க்கு மேல் வேண்டாம். ‘குடிவராவிட்டால் திருப்பித் தரப்படும்’ என்று வாட்ஸ்அப்பிலாவது ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள்.

பதினோரு மாத ஒப்பந்தம்தான் வழக்கம். ஒரு வருடத்துக்கு மேல் போனால் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதற்காக வந்த பழக்கம் அது. ஆனால் 2019க்குப் பிறகு எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் செய்து, வாடகை அதிகாரியிடம் அரசின் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். 6,000 ரூபாய் போர்ஷனுக்கு எந்த ஓனரும் தானாக அதைச் செய்வதில்லை. கேட்டுப் பாருங்கள். மறுத்தால், பின்னால் வழக்கு என்று வந்தால் உங்கள் ஒப்பந்தம் பலவீனமானது என்று தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுங்கள், அதற்கேற்ப அட்வான்ஸைக் குறையுங்கள்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை: வாடகை, எந்தத் தேதிக்குள், அட்வான்ஸ், கரண்ட் யூனிட் விலை, தண்ணீர்க் கட்டணம், வருடத்துக்கு எவ்வளவு ஏற்றலாம், காலி செய்ய எத்தனை மாத அறிவிப்பு, கடைசியில் வெள்ளை அடிக்கப் பிடிப்பது எவ்வளவு. கடைசி விஷயத்தை எழுதாமல் விட்டால் காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைச் சத்தமில்லாமல் கழித்துவிடுவார்கள். சட்டத்தின் பட்டியல்படி வெள்ளையடிப்பது, கட்டட ரிப்பேர், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், அடைப்பு எடுப்பது போன்ற சில்லறை வேலைகள் உங்களுடையவை. வாடகைத் தகராறில் ஓனர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

‘லீஸ்’ என்று ஒன்று சொல்வார்கள். மூன்று, நாலு லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருந்து, முடிவில் முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்வது. கேட்க இனிக்கும். ஓனர் அந்தப் பணத்தை மகள் கல்யாணத்துக்கோ கடனுக்கோ செலவழித்திருப்பார். அடுத்த லீஸ்காரர் வந்தால்தான் உங்களுக்குப் பணம். இதை விட மோசமானது நடுவில் ஆள் இருப்பது. ஓனரிடம் மாத வாடகைக்கு எடுத்து, உங்களிடம் லீஸுக்கு விட்டு, சில மாதம் வாடகை கட்டிவிட்டுக் காணாமல் போவார்கள். லீஸ்தான் என்று முடிவானால் வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் பாருங்கள், வங்கி அடமானம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். சொத்து வரி ரசீதில் இருக்கிற பெயர்க்காரரிடமே நேரில் பேசி, அவர் கணக்குக்கே பணம் போட்டு, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். இதில் ஒன்று தட்டினாலும் விட்டுவிடுங்கள்.

குடிபோகும் நாளும் காலி செய்யும் நாளும்

சாமான் இறக்குவதற்கு முன் மீட்டர் ரீடிங், உடைந்த கண்ணாடி, கீறல் விழுந்த வாஷ்பேசின், ஓதம் பிடித்த சுவர் எல்லாவற்றையும் படமெடுத்து அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கதவுக்கு உங்கள் செலவில் புதுப் பூட்டு. ஒப்பந்த நகலை வைத்துக் கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு முகவரிகளை மாற்றிக்கொள்ளலாம். போலீஸ் ஸ்டேஷனுக்கு வாடகைதாரர் விவரப் படிவம் கேட்டால் ஆதார் நகலோடு கொடுத்துவிடுங்கள், அது வழக்கமான ஒன்றுதான்.

காலி செய்வதாக இருந்தால் ஒப்பந்தப்படி ஒரு மாதமோ இரண்டு மாதமோ முன்னால் எழுத்தில் சொல்லுங்கள். “அடுத்த ஆள் வந்ததும் அட்வான்ஸ் தரேன்” என்பது எல்லா ஓனரும் சொல்கிற வசனம். சட்டப்படி காலி செய்த ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஓனரின் கை இறுக்கம் முன்பே தெரிந்திருந்தால், கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டு, ஒப்புக்கொண்டதை மெசேஜில் வாங்கிவிடுங்கள். கேட்காமல் வாடகையை நிறுத்தினால் தப்பு உங்கள் பக்கம் ஆகிவிடும். கடைசி கரண்ட் ரீடிங்கை இருவரும் பார்த்து, கணக்கை ஒப்பந்தத்தின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கி, பணம் கணக்கில் ஏறிய பிறகு சாவியைக் கொடுங்கள்.